பள்ளி என்றொரு சொல்

அல்லாஹ் தஆலா மனிதனுக்கு அளித்த அருட்கொடைகளில் பேச்சுக்குத் தனி இடம் உண்டு. மனிதன் படைக்கப்பட்டதைச் சொன்ன கையோடு, அவனுக்குப் பேச்சு கற்பிக்கப்பட்டதை ஸூரத்துர் ரஹ்மான் எடுத்துரைப்பதிலிருந்தே அதன் சிறப்பு விளங்கும். மனிதரின் மொழிகள் பலவாக இருப்பதை அவனுடைய அத்தாட்சிகளில் ஒன்றாக ஸூரத்துர் ரூம் எண்ணுகிறது. நபிமார்கள் அனைவரும் அவரவர் சமுதாயத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டார்கள் என்பதை ஸூரா இப்ராஹீமில் காண்கிறோம். இவ்வளவு மேலான அருட்கொடை, நம் வீடுகளில் மனக்கசப்புக்குக் காரணமாகலாமா என்பதே இக்கட்டுரையில் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டது.

மனக்கசப்பு எங்கே வருகிறது என்கிறீர்களா? வயதான தகப்பனார், "பள்ளிவாசலுக்குப் போய் வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்புகிறார். ஏதோ ஒரு சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வந்த பிள்ளை, "பள்ளிவாசல் என்று சொல்லாதீர்கள் அத்தா. பள்ளி என்பது சமணர்களின் சொல். மஸ்ஜித் என்று சொல்லுங்கள்" என்று திருத்துகிறது. தாயார் "தொழுதுவிட்டு வருகிறேன்" என்றால் அதற்கும் ஒரு திருத்தம். "நோன்பு வைத்திருக்கிறேன்" என்றால் அதற்கும் ஒரு திருத்தம். பெரியவர்கள் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆயினும், 'அறுபது ஆண்டுகளாக நாம் போய் வந்தது எங்கே, தொழுதது எதை' என்ற ஒரு சிறு வலி அவர்கள் நெஞ்சில் தங்கிவிடுகிறது. பிள்ளையின் எண்ணம் நல்லதுதான். மார்க்கத்தைத் தூய்மையாகப் பின்பற்ற வேண்டும் என்பதே அதன் ஆசை. ஆனால் அது கைக்கொண்ட அளவுகோல் சரியானதா? ஒரு சொல் எங்கே பிறந்தது, முன்பு யார் வாயில் இருந்தது என்பதை வைத்து அதன் தகுதியை முடிவு செய்யலாமா?

வாடிவாசலும் பள்ளிவாசலும்

மதுரைக்கு வடக்கே உள்ள அலங்காநல்லூரை எடுத்துக்கொள்வோம். அவ்வூர்ப் பெயரைச் சொன்னதுமே எல்லோருக்கும் ஜல்லிக்கட்டு நினைவுக்கு வரும். காளைகளை அவிழ்த்துவிடும் இடத்துக்கு அங்கே வாடிவாசல் என்று பெயர். வாடிவாசலிலும் வாசல் உண்டு. பள்ளிவாசலிலும் வாசல் உண்டு. காலையில் பெண்கள் கூட்டிப் பெருக்குவதும் வாசல்தான். மாடு கட்டும் இடத்தைத் தொழு என்றும் தொழுவம் என்றும் சொல்வார்கள். அல்லாஹ்வுக்கு முன்னால் கைகட்டி நிற்பதைத் தொழுகை என்கிறோம். இதனால் அலங்காநல்லூரில் எவராவது குழம்பியதுண்டா? 'தொழுவத்துக்குப் போகிறார்' என்றால் மாட்டைப் பார்க்க என்றும், 'தொழப் போகிறார்' என்றால் பள்ளிக்கு என்றும் சிறு குழந்தைக்கும் தெரியும்.

ஜல்லிக்கட்டு என்ற பெயரையே பாருங்கள். சல்லி என்பது காசு. காளையின் கொம்பில் காசு முடிப்பைக் கட்டிவிட்டு, அடக்கியவர் அதை எடுத்துக்கொள்ளும் வழக்கத்தால் சல்லிக்கட்டு என்ற பெயர் வந்தது என்பர். இன்று நாம் ஜல்லி என்றால் சாலைக்குக் கொட்டும் உடைகல்தான் நினைவுக்கு வருகிறது. கடல் தாண்டி இலங்கைக்குப் போனால், சிங்களத்தில் சல்லி என்பது இன்றும் பணத்தைக் குறிக்கும் அன்றாடச் சொல். 2024ஆம் ஆண்டு ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே பெரிய அரங்கம் ஒன்றைக் கட்டித் திறந்து, அதற்கு 'ஏறுதழுவுதல்' என்ற இலக்கியப் பெயரைச் சூட்டினார்கள். நல்ல பெயர்தான். ஆயினும் மக்கள் வாயில் வழங்குவது ஜல்லிக்கட்டு என்பதே. காசும் கட்டும் மறந்துபோனாலும் பெயர் நிலைத்துவிட்டது. அதன் பொருள் இன்று விளையாட்டு மட்டுமே. சொற்களின் இயல்பு இத்தகையது.

கல்லில் வெட்டிய பள்ளி

இனிப் 'பள்ளி'க்கு வருவோம். இது சமணர் வழங்கிய சொல் என்று பிள்ளை சொன்னது உண்மையே. அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போகவும் வேண்டாம். மதுரைக்கு வடகிழக்கே, மேலூர்ப் பக்கத்தில் மாங்குளம் என்ற ஊரின் குன்றில் குகைகள் இருக்கின்றன. அவற்றில் தமிழ் பிராமி எழுத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று ஐராவதம் மகாதேவன் போன்ற அறிஞர்கள் கணித்தவை அவை. நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் அதிகாரி ஒருவர், சமணத் துறவி ஒருவருக்காக அமைத்துக் கொடுத்த உறைவிடத்தை அக்கல்வெட்டு 'பளி' என்ற உருவத்தில் குறிக்கிறது. நம் 'பள்ளி'யின் பழைய வடிவம் அதுவே. துறவிகள் படுத்து உறங்கக் கல்லிலேயே படுக்கைகள் வெட்டியிருப்பதை மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள் பலவற்றில் இன்றும் காணலாம்.

பள்ளி என்றால் படுக்குமிடம், தங்குமிடம் என்பது பழைய பொருள். பள்ளியறை, பள்ளிகொள்ளுதல் என்ற வழக்குகள் அதிலிருந்து வந்தவை. சோழர் காலத்தில் அரசர்களை அடக்கம் செய்த இடத்தில் எழுப்பிய கட்டடத்தைப் பள்ளிப்படை என்றார்கள். அதுவும் ஓய்விடம்தான், திரும்பி எழாத ஓய்வு. சமண, பௌத்தத் துறவிகளின் இருப்பிடங்களுக்கு விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. அத்துறவிகள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததால் பள்ளி என்பது பாடசாலைக்கும் பெயராகிப் பள்ளிக்கூடம் ஆயிற்று என்பர்.

அண்டை மொழிகளில் இதே சொல் வேறு கோலம் பூண்டது. தெலுங்கில் பல்லி, பல்லெ என்றால் சிற்றூர். கன்னடத்தில் பகரம் ஹகரமாகி ஹள்ளி ஆனது. அதற்கும் சிற்றூர் என்றே பொருள். வங்காளத்தில் பல்லி என்பது கிராமம், குடியிருப்பு. நம் நாட்டுத் திருச்சிராப்பள்ளியும் இந்தச் சொல்லைச் சுமந்து நிற்கிறது. (ளகரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், தமிழில் பல்லி என்று சொல்லிவிட்டால் அது சுவரில் ஊர்ந்து போய்விடும்!)

மலையாள நாட்டில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. அங்கே முஸ்லிம்களின் வணக்கத்தலமும் பள்ளி, கிறிஸ்தவர்களின் தேவாலயமும் பள்ளி, கொச்சியில் யூதர்கள் கட்டியதும் பள்ளி. சிங்களத்திலும் பள்ளிய என்ற சொல் தேவாலயத்துக்கும் நம் மஸ்ஜிதுக்கும் பொதுவாக வழங்குகிறது. கொல்லத்தில் இருந்த கிறிஸ்தவ ஆலயம் ஒன்றுக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் கி.பி. 849இல் செப்பேட்டில் உரிமைகள் எழுதிக் கொடுத்தார். தரிசாப்பள்ளிச் செப்பேடு என்று அதற்குப் பெயர். வட்டெழுத்தில் எழுதிய அந்தச் சாசனத்தில் சாட்சிக் கையொப்பங்கள் கூஃபி அரபு எழுத்திலும், பஹ்லவி எழுத்திலும், யூதர்களின் ஹீப்ரு எழுத்திலும் இடப்பட்டுள்ளன. ஓர் ஆலயத்தின் பத்திரத்துக்கு முஸ்லிம் வணிகர்கள் சாட்சி நின்றிருக்கிறார்கள். பள்ளி என்ற அந்தச் சொல் தங்கள் ஈமானுக்கு ஊறு செய்யும் என்று அவர்கள் அஞ்சியதாகத் தெரியவில்லை.

தமிழ்க் கரையில் இராமநாதபுரம் பக்கத்துத் திருப்புல்லாணிக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. சோனகர் எனப்பட்ட முஸ்லிம்களின் 'பிழார்ப்பள்ளி'க்கு அரசன் அளித்த மானியத்தைப் பற்றியது அது. ஆக, நம் வணக்கத்தலத்தைப் பள்ளி என்று நாம் அழைக்கத் தொடங்கி எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. மதுரையின் காஜிமார் பெரிய பள்ளிவாசல் என்ற பெயரைப் பிரித்துப் பாருங்கள்: காஜி என்பது அரபு, மார் என்பது தமிழின் மரியாதைப் பன்மை, பெரிய, பள்ளி, வாசல் மூன்றும் தமிழ். மதுரை முஸ்லிம்களின் வரலாறே அந்த ஒரு பெயருக்குள் அடங்கியிருக்கிறது எனலாம்.

மஸ்ஜிதுக்கும் ஒரு பழங்கதை உண்டு

'சரி, பள்ளிக்கு இவ்வளவு பழங்கதை இருப்பதால்தானே மஸ்ஜித் என்று சொல்லச் சொல்கிறோம்' என்று சிலர் கூறலாம். மஸ்ஜித் என்பது குர்ஆன் ஷரீஃபிலும் ஹதீஸிலும் வந்த சொல். ஸஜ்தா செய்யுமிடம் என்று பொருள். அதைச் சொல்வதில் பரக்கத் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் பழங்கதை இல்லாத சொல் அல்ல அது. அரபியின் சகோதர மொழியாகிய அராமிக்கில் இதே வேரிலிருந்து பிறந்த சொல், இஸ்லாத்திற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, வேறு மதத்தாரின் வணக்கப் பொருள்களுக்கும் இடங்களுக்கும் வழங்கியிருக்கிறது. எகிப்தில் நைல் நதித் தீவாகிய எலிஃபன்டைனில் கிடைத்த கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏடுகளில் அச்சொல் காணப்படுகிறது. குர்ஆனும் பைத்துல் மக்திஸில் பனூ இஸ்ராயீலர்களுக்கு இருந்த வணக்கத்தலத்தை மஸ்ஜித் என்றே சொல்கிறது.

அது மட்டுமா? இச்சொல்லுக்கும் பொருள் ஒன்றோடு நின்றுவிடவில்லை. கட்டடம் மஸ்ஜித், பூமி முழுவதும் தமக்கு மஸ்ஜிதாக ஆக்கப்பட்டது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததில் மண் முழுவதும் மஸ்ஜித், ஸூரத்துல் ஜின்னில் வரும் மஸாஜித் என்பதற்கு ஸஜ்தாவில் தரையைத் தொடும் உடலுறுப்புகள் என்றும் முஃபஸ்ஸிர்களில் சிலர் பொருள் கூறியுள்ளனர். பிற நாட்டார் வாயில் அது ஸ்பானிய மொழியில் மெஸ்கீத்தா ஆயிற்று. ஆங்கிலத்தில் மாஸ்க் ஆயிற்று. ஆப்பிரிக்கக் கரையின் ஸ்வாஹிலியில் ம்ஸிகிட்டி ஆயிற்று. பூர்வீகம் பார்த்துச் சொற்களைத் தள்ளுவதென்றால், நம் கையில் எந்தச் சொல்லும் மிஞ்சாது.

ஷரீஅத் செய்த மாற்றம்

இங்கேதான் உஸூலுல் ஃபிக்ஹ் கலையின் இமாம்கள் வகுத்த ஒரு பாகுபாடு நமக்குக் கைகொடுக்கிறது. ஒரு சொல்லுக்கு லுகவி, அதாவது அகராதிப் பொருள் ஒன்று உண்டு. உர்ஃபி, அதாவது மக்கள் வழக்கில் வந்த பொருள் ஒன்று உண்டு. ஷரஈ, அதாவது மார்க்கம் நிர்ணயித்த பொருள் ஒன்று உண்டு. ஸலாத் என்பதற்கு அகராதிப் பொருள் துஆ, வேண்டுதல். ஸவ்ம் என்பதற்குத் தடுத்துக்கொள்ளுதல். ஸகாத் என்பதற்கு வளர்ச்சி, தூய்மை. ஹஜ் என்பதற்கு நாடிச் செல்லுதல். ஜாஹிலிய்யாக் கால அரபிகளும் ஹஜ் என்ற சொல்லைத்தான் சொன்னார்கள். கஃபாவைச் சுற்றிச் சிலைகளை நிறுத்திவிட்டுத்தான் சொன்னார்கள். இஸ்லாம் வந்து சிலைகளை அகற்றியது, சொல்லை அகற்றவில்லை. அதே சொல்லில் தூய பொருளை நிரப்பியது. பாத்திரத்தைக் கழுவித் தூய நீரை ஊற்றி வைத்தது போன்ற செயல் அது.

தமிழ் பேசிய நம் முன்னோர் செய்ததும் இதே வழிதான் அன்றோ? நோன்பு என்ற சொல் இந்நாட்டில் பல மதத்தாரின் விரதங்களுக்கும் பெயராக இருந்தது. நம்மவர் அதை எடுத்து, ஸஹர் முதல் மஃரிப் வரை அல்லாஹ்வுக்காக உண்ணாமலும் பருகாமலும் இருப்பதற்குப் பெயராக்கினார்கள். இன்று 'நோன்பு திறந்தாயிற்றா?' என்று கேட்டால், அடுத்த வீட்டு இந்துச் சகோதரருக்கும் அது ரமளான் நோன்பு என்று விளங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டில் உமறுப் புலவர் நபிகள் நாயகத்தின் (ஸல்) வரலாற்றைப் பாடி அதற்குச் சீறாப்புராணம் என்று பெயரிட்டார். சீறா அரபு; புராணம் இந்நாட்டு இலக்கிய வகையின் பெயர். அரபு எழுத்தில் தமிழை எழுதி, அரபுத் தமிழ் என்ற வழியையும் நம் உலமாக்கள் வளர்த்தார்கள். அவர்கள் மார்க்கம் அறியாதவர்களா?

குர்ஆனில் இஞ்சி

குர்ஆன் தெளிவான அரபு மொழியில் இறங்கியது. அதில் வேற்றுமொழி மூலமுள்ள சொற்கள் உண்டா என்று நம் இமாம்களே ஆராய்ந்திருக்கிறார்கள். இல்லை என்பதே ஹிஜ்ரி 204இல் மறைந்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. உண்டு என்று கூறியோரும் இருந்தனர். அபூ உபைத் அல்காஸிம் (ரஹ்) அவர்கள் இரு தரப்பையும் இணைத்து ஒரு தீர்ப்புச் சொன்னார்கள்: அச்சொற்களுக்கு மூலம் வேற்றுமொழியாக இருக்கலாம், ஆனால் வஹீ இறங்குமுன்பே அரபிகள் அவற்றைத் தங்கள் நாவுக்கு ஏற்ப மாற்றித் தம்முடையதாக ஆக்கிக்கொண்டார்கள், ஆகவே அவை அரபுச் சொற்களே. இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள் இத்தகைய சொற்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார்கள்.

அச்சொற்களில் ஒன்று நம் அடுப்படியோடு தொடர்புடையது. ஸூரத்துத் தஹ்ரில் சுவர்க்கத்து பானத்தில் கலக்கப்படும் பொருளாக ஸன்ஜபீல் கூறப்படுகிறது. ஸன்ஜபீல் என்றால் இஞ்சி. இச்சொல் பாரசீகம், அராமிக் வழியாக அரபிக்கு வந்தது. அதன் முன்வடிவம் பாலி மொழியின் ஸிங்கிவேர. அதற்கும் மூலம் தென்னாட்டின் 'இஞ்சிவேர்' என்பது மொழி ஆய்வாளர் பலரின் முடிவு. மேற்கே போன அதே சொல் கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ் ஆகி, ஆங்கிலத்தில் ஜிஞ்சர் ஆயிற்று. மிளகும் இஞ்சியும் ஏற்றிச் சென்ற கப்பல்களில் சொற்களும் ஏறிப் போயின. தென்னாட்டுத் தோட்டத்தில் விளைந்த வேரின் பெயருக்கு அல்லாஹ்வின் திருமறையில் இடம் கிடைத்தபோது, அந்தப் பெயரின் பூர்வீகம் தடையாக நிற்கவில்லை.

பிற நாட்டு முஸ்லிம்கள்

நம்மில் சிலர் 'தொழுகை' என்பதைவிட 'நமாஸ்' என்பது மார்க்கத்துக்கு நெருக்கமான சொல் என்று எண்ணுகின்றனர். நமாஸ் அரபு அல்ல, பாரசீகம். வடமொழியின் 'நமஸ்' என்பதற்கு உறவுச் சொல் அது. 'ரோஸா'வும் பாரசீகமே, ரோஸ் என்றால் பகல். ஈரானியர் இஸ்லாத்தை ஏற்றபோது தம் பழைய சொற்களோடுதான் வந்தார்கள்.

மலாய் மொழி பேசும் கோடிக்கணக்கான முஸ்லிம்கள் நோன்பைப் புவாஸா என்கிறார்கள். அது வடமொழியின் உபவாசம். சுவர்க்கத்துக்கு அங்கே சுர்கா, நரகத்துக்கு நராகா, பாவத்துக்கு தோசா, நற்கூலிக்குப் பஹாலா. கடைசிச் சொல் நம் 'பலன்' என்பதன் உடன்பிறப்பு. தொழுகையை இன்றும் பலர் ஸெம்பஹ்யாங் என்று சொல்வார்கள். பழைய தெய்வங்களைக் குறித்த சொல் அதற்குள் புதைந்திருக்கிறது. அந்தச் சொல்லோடு தக்பீர் கட்டும் மலாய்ச் சகோதரர், பழைய தெய்வத்தையா எண்ணுகிறார்? அவர் முகம் நோக்குவதும் கிப்லாவைத்தான். உள்ளம் நோக்குவதும் அல்லாஹ்வைத்தான்.

சீனத்தின் வழக்கு நம் பள்ளிக்கு அச்சாக ஒத்திருக்கிறது. அங்கே மஸ்ஜிதுக்கு 'சிங்ஜென்ஸு' என்று பெயர். சிங் என்றால் தூய்மை, ஜென் என்றால் உண்மை. ஸு என்பது பழங்காலத்தில் அரசு அலுவலகத்தைக் குறித்தது. பின்னர் பௌத்த மடங்களைக் குறித்தது. பின்னர்தான் முஸ்லிம்களின் வணக்கத்தலத்துக்கு வந்தது. நம் பள்ளி, துறவியின் குகையிலிருந்து ஜமாஅத்தின் தொழுகை இடம் வரை நடந்து வந்த அதே பாதை!

எல்லாச் சொல்லும் ஆகுமா?

இதுவரை படித்தவர்கள், 'அப்படியானால் சொல்லில் ஒன்றுமே இல்லையா? எதை வேண்டுமானாலும் சொல்லலாமா?' என்று கேட்பது நியாயமே. அதுவும் சரியல்ல. சொல்லைக் கவனிக்க வேண்டும் என்பதற்குக் குர்ஆனிலேயே சான்று உண்டு.

ஸஹாபாக்கள் நபிகள் நாயகத்தின் (ஸல்) கவனத்தைத் தம் பக்கம் கோருவதற்கு 'ராஇனா' என்ற சொல்லைப் பயன்படுத்தி வந்தார்கள். நல்ல அரபுச் சொல். ஆனால் மதீனாவில் சிலர் அதே சொல்லை நாவைத் திருகி உச்சரித்து, தம் மொழியில் இழிவான பொருள் தொனிக்குமாறு செய்து உள்ளுக்குள் நகைத்தார்கள். அப்போது, அந்தச் சொல்லை விட்டு 'உன்ளுர்னா' என்ற வேறு சொல்லைப் பயன்படுத்துமாறு ஸூரத்துல் பகராவில் கட்டளை வந்தது. கவனியுங்கள்: விலக்கப்பட்டது அரபுச் சொல், கொடுக்கப்பட்டதும் அரபுச் சொல். பூர்வீகத்தால் அல்ல, அது அவமதிப்புக்குக் கருவியானதால் விலக்கப்பட்டது.

அவ்வாறே, கெட்ட பொருளுள்ள பெயர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மாற்றினார்கள். உமர் (ரலி) அவர்களின் மகளுக்கு ஆஸியா என்ற பெயர் இருந்தது. மாறு செய்பவள் என்று பொருள். அதை ஜமீலா என்று மாற்றினார்கள். இங்கே நம் வீடுகளுக்கு ஒரு தகவல்: ஃபிர்அவ்னின் மனைவியாகிய ஆஸியா (அலை) அவர்களின் பெயர் வேறு, அரபு எழுத்தும் வேறு, பொருளும் வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத் தோன்றுகின்றன. அழகிய அந்தப் பெயரைத் தாங்கிய பெண்மக்கள் கலங்க வேண்டாம். அரபு என்பதால் ஒரு பெயர் நல்லதாகிவிடுவதில்லை. தமிழ் என்பதால் கெட்டதாகிவிடுவதும் இல்லை.

இவற்றிலிருந்து நாம் பெறும் அளவுகோல் என்ன? மூன்று கேள்விகள் போதும். சொல்பவரின் நிய்யத் என்ன? கேட்பவர் என்ன விளங்கிக்கொள்கிறார்? அந்தச் சொல் இணைவைப்புக்கோ, பிறரை இழிவுபடுத்துவதற்கோ இடம் தருகிறதா? செயல்கள் நிய்யத்தைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட அடிப்படை. பேச்சும் ஒரு செயலே. 'பள்ளிவாசல்' என்ற சொல்லை இம்மூன்று கேள்விகளிலும் நிறுத்திப் பாருங்கள். சொல்பவர் அல்லாஹ்வின் இல்லத்தைக் கருதுகிறார். கேட்பவர் அதையே விளங்கிக்கொள்கிறார். இணைவைப்பும் இல்லை, இழிவும் இல்லை. பிறகு என்ன குறை?

இதே மூன்று கேள்விகளால் வேறு சில சொற்களையும் நிறுத்துப் பார்க்கலாம். ஏழையைக் கண்டால், வேலைக்காரரைக் கண்டால், பிற சாதியாரைப் பற்றிப் பேசினால் நம் நாவில் வரும் சொற்கள் சில உண்டு. அவை தூய தமிழாக இருக்கலாம். அரபு கலந்ததாகவும் இருக்கலாம். அவற்றில் இழிவு இருந்தால் 'ராஇனா'வின் சட்டம் அங்கேதான் பொருந்தும். திருத்த வேண்டிய சொல் வீட்டில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது 'பள்ளிவாசல்' அன்று.

இரு தரப்புக்கும் ஒரு வார்த்தை

மஸ்ஜித் என்று சொல்ல விரும்பும் இளைஞர்கள் தாராளமாகச் சொல்லட்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மொழிந்த சொல்லின் மீது கொண்ட அன்பு போற்றத்தக்கது. பெரியவர்களும் 'இது என்ன புதுப் பேச்சு' என்று அவர்களை ஏளனம் செய்ய வேண்டாம். ஆனால் தன் சொல்லால் தான் மேலானவன் என்று எண்ணுவது பெருமை. அணுவளவு பெருமையும் ஆபத்தானது என்று நாம் எச்சரிக்கப்பட்டிருக்கிறோம். பெற்றோரிடம் 'சீ' என்ற சொல்லைக்கூடச் சொல்லக் கூடாது என்று கட்டளையிட்ட மார்க்கத்தில், தாயின் தொழுகையைத் 'தொழுகை' என்று அழைத்ததற்காக அவள் மனத்தை நோகச் செய்வது எந்த வகையில் சேரும்? பள்ளி என்ற சொல்லைத் திருத்தியதில் கிடைக்கும் என்று எண்ணிய நன்மையைவிட, அந்த மன வருத்தத்தால் வரும் இழப்பு பெரிதல்லவா?

சொல் நம்மிடம் கேட்பது

இனி ஒரு செய்தியைச் சொல்லி முடிப்போம். பள்ளி என்ற தமிழ்ச் சொல்லுக்கு மூன்று பொருள்களைக் கண்டோம்: தங்குமிடம், கல்விக்கூடம், வணக்கத்தலம். இந்த மூன்றும் ஒரே இடத்தில் ஒன்றுகூடிய தலம் ஒன்று உண்டு. அதுதான் மதீனாவின் மஸ்ஜிதுந் நபவி.

வீடும் உறவும் இல்லாத ஏழை முஹாஜிர்கள் அங்கே ஸுஃப்பா என்ற நிழலிடத்தில் தங்கினார்கள், அங்கேயே உறங்கினார்கள், அங்கேயே கற்றார்கள். மிக அதிகமான ஹதீஸ்களை அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்கள் அந்தத் திண்ணைத் தோழர்களில் ஒருவர். உமர் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் மணமாகாத இளைஞராக இருந்தபோது அந்த மஸ்ஜிதில் உறங்கியதாக ஹதீஸில் வருகிறது. அதே இடத்திலிருந்துதான், தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்ற அறிவிப்பும் பஜ்ர் நேரத்தில் எழுந்தது. இடமில்லாதவருக்குத் தூங்க இடமும், தூங்குபவரை எழுப்பும் அழைப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. தமிழ் முஸ்லிம்கள் 'பள்ளி' என்ற சொல்லைத் தேர்ந்தது இதை எண்ணித்தானோ என்னவோ, அந்தச் சொல் அந்த இடத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது.

ஆகவே கேள்வியைத் திருப்பிக் கேட்போம். நாம் அந்த இடத்தை எப்படி அழைக்கிறோம் என்பதல்ல, அழைக்கும் பெயருக்குத் தக்கதாக அது இருக்கிறதா? ஐந்து வேளையும் வரிசை நிற்கிறதா? மாலையில் மக்தபில் பிள்ளைகளின் குரல் கேட்கிறதா? பேருந்தைத் தவறவிட்டு இரவில் வந்து நிற்கும் வெளியூர்க்காரருக்குத் திண்ணையில் இடமும் குடிக்கத் தண்ணீரும் உண்டா, அல்லது இஷா முடிந்ததும் பூட்டுத் தொங்குகிறதா? ஜல்லிக்கட்டு நாளில் அலங்காநல்லூருக்கு நாலாதிசையிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். தாகத்தோடு வரும் அந்நியர் ஒருவருக்குப் பள்ளியின் வாசல் வாசலாக இருக்குமானால், அதை எந்த மொழியில் அழைத்தாலும் அது அல்லாஹ்வின் இல்லமாகவே இருக்கும். பூட்டிய கதவின் மேல் எவ்வளவு தூய அரபியில் பெயர் எழுதினாலும் தாகம் தீராது.

நம் நாவில் வரும் சொற்களுக்கும் நாம் கணக்குச் சொல்ல வேண்டிய நாள் ஒன்று உண்டு. அன்று அந்தச் சொல் எந்த மொழியில் பிறந்தது என்று கேட்கப்படுவதைவிட, அதைக்கொண்டு நாம் யாரைச் சேர்த்தோம், யாரைப் புண்படுத்தினோம் என்று கேட்கப்படுவதையே நாம் அஞ்ச வேண்டும். சொல்லாலும் செயலாலும் உள்ளங்களை ஒன்றுசேர்க்கும் நல்லடியார்களாக நம்மையும், நம் பெற்றோரையும், நம் பிள்ளைகளையும் வல்ல நாயன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.